கொலனோஸ்கோபி ‘நார்மல்’ என்று வந்த பிறகும் குடல் புற்றுநோய் வருமா? மும்பையில் இருக்கும் நம்மவர்களின் கேள்விகளும் பதில்களும்

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று மும்பையின் பல மூலைகளிலிருந்தும் நம் தமிழ் ஆட்கள் கொலனோஸ்கோபிக்குப் போய்வருகிறார்கள். கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை அது. போவதற்கு முன்பும் வந்த பிறகும் அவர்கள் கேட்கும் கேள்விகள் கீழே இருக்கின்றன. மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ உங்கள் டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அப்புறமும் புற்றுநோய் வருமா?

வரலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. கொலனோஸ்கோபியில் புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்து, சில ஆண்டுகளுக்குள் பெருங்குடலிலோ மலக்குடலிலோ கண்டுபிடிக்கப்படும் நோயை மருத்துவர்கள் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் கொலனோஸ்கோபி எவ்வளவு தரமாக நடக்கிறது என்பதற்கு அந்தக் கணக்குதான் கண்ணாடி.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் 2005 முதல் 2013 வரையிலான பதிவுகளைப் பார்த்தார்கள். கொலனோஸ்கோபி செய்துகொண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடல் புற்றுநோய் உறுதியானவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு அந்தப் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. 2005-இல் 9 சதவீதமாக இருந்தது 2013-இல் 6.5 ஆகக் குறைந்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசமும் இருந்தது.

இந்த எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பரிசோதனை செய்துகொண்ட நூறு பேரில் ஏழு பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களுக்குள் எத்தனை பேருக்கு முதல் தடவை தவறியது என்ற கணக்கு இது. பரிசோதனைக்குப் போகிற பெரும்பாலோருக்குப் புற்றுநோயே இருப்பதில்லை.

கேமராவை உள்ளே விட்டுத்தானே பார்க்கிறார்கள்? எப்படித் தவறும்?

நாலு வழிகளில் தவறும். ஆராய்ச்சிகளில் இப்படிப்பட்ட நோயாளிகளின் பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி அன்றைக்கே அங்கே இருந்து கண்ணில் படாமல் போயிருக்கும் என்று கணித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பாலிப்பை, அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சியை, எடுத்தபோது கொஞ்சம் மிச்சம் இருந்துவிட்டது. கால்வாசிப் பேருக்குப் புதிதாக, வேகமாக வளர்ந்தது. நாலாவது, கேமரா கடைசி வரை போகவே இல்லை.

கண்ணில் படாமல் போவதற்குப் பெருங்குடலின் அமைப்பே ஒரு காரணம். உள்சுவர் வழவழப்பான குழாய் இல்லை. புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். கேமரா முன்னோக்கித்தான் பார்க்கும், மடிப்புக்குப் பின்பக்கம் இருப்பதைப் பார்க்க டாக்டர் முனையைத் திருப்பி, காற்றடித்து, மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். வளைவுகளிலும், சிறுகுடல் வந்து சேரும் வால்வுக்குப் பின்னாலும் இதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும்.

அப்புறம் வலதுபக்கம். சிறுகுடல் வந்து சேரும் இடத்தில் தொடங்கி, வயிற்றின் வலப்புறம் மேலே ஏறும் பகுதி அது. தவறிப்போகும் புற்றுநோய்கள் அங்கேதான் அதிகம். கேமரா அங்கே போய்ச் சேருவது கடினம், அழுக்கும் பித்தமும் அங்கேதான் தங்கும். அதோடு அங்கே வரும் பாலிப்புகளில் ஒரு வகை தட்டையாக, சுற்றியுள்ள தோலின் நிறத்திலேயே, மேலே சளிப்படலம் மூடினாற்போல் இருக்கும். செரேட்டட் பாலிப் என்பார்கள். காம்போடு காளான் மாதிரித் தொங்கும் பாலிப்பை யாராலும் பார்த்துவிட முடியும். இதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும், அதற்கும் மேலே சுத்தமான குடல் வேண்டும்.

ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டு தடவை கொலனோஸ்கோபி செய்து ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. 2006-இல் அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்த அடினோமா பாலிப்புகளில் (புற்றுநோயாக மாறக்கூடிய வகை இது) சுமார் 2 சதவீதமே முதல் தடவை தவறியிருந்தன. ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட சின்னதில் தவறியது 26 சதவீதம். பெரியது தவறுவது அபூர்வம், சின்னது தவறுவது சகஜம். சின்னதில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதும் இல்லை, மாறினாலும் பொதுவாகப் பத்து ஆண்டுகள் போல எடுக்கும். பரிசோதனையை நம்பலாம் என்பதற்கும், அடுத்த தேதியைத் தவறவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

யாருக்கு இந்த ஆபத்து கூடுதல்?

வயதானவர்களுக்கு. பெண்களுக்கு. பெருங்குடலில் பை பையாகப் புடைப்பு இருப்பவர்களுக்கு, அதை டைவர்டிகுலா என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ் போன்ற நீண்டகாலக் குடல் அழற்சி இருப்பவர்களுக்கு. ஏற்கெனவே குடல் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கு. முன்பு பெரிய பாலிப்போ நிறைய பாலிப்புகளோ எடுத்தவர்களுக்கு. ரத்த சொந்தத்தில் குடல் புற்றுநோய் இருப்பவர்களுக்கு.

பெண்களுக்கு ஏன் என்று கேட்பார்கள். பெண்களின் பெருங்குடல் சராசரியாக நீளம் அதிகம், வளைவும் அதிகம். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தால் உள்ளே ஒட்டுதல் இருக்கும், கேமரா நகர்வது சிரமமாகும். வலதுபக்கப் புற்றுநோய் பெண்களிடம் கூடுதலாக இருப்பதும் ஒரு காரணம்.

பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்குறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். செல் பிரியும்போது மரபணுவில் நேரும் எழுத்துப்பிழைகளைச் சரிசெய்யும் மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருக்கும். இவர்களுக்குப் பாலிப் புற்றுநோயாக மாறப் பத்து ஆண்டுகள் வேண்டியதில்லை, ஓரிரு ஆண்டுகளே போதும். அதனால் இருபதுகளிலேயே தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை கொலனோஸ்கோபி செய்யச் சொல்வார்கள். குடும்ப வரலாறு சொல்லும்போது குடலை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். பெரியம்மாவுக்கோ அத்தைக்கோ கர்ப்பப்பைப் புற்றுநோய் இருந்ததா? அதையும் சொல்லுங்கள். ஊரில் “வயித்துல கட்டி வந்து செத்தாங்க” என்று மட்டும் தெரிந்திருக்கும். அதையும் அப்படியே சொல்லுங்கள், எந்த வயதில் என்பதோடு.

டோம்பிவிலியிலிருந்து பரேலுக்கு வர வேண்டும். காலை 9 மணி ஸ்லாட். அதிகாலையில் குடிக்கச் சொன்ன மருந்தை விட்டுவிடலாமா? லோக்கல் ட்ரெயினில் பாத்ரூம் இல்லையே!

விட்டுவிடாதீர்கள். நோயாளியின் கையில் இருக்கும் காரியங்களில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குடலைச் சுத்தமாக்க பெக்லெக் போன்ற பேதி பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். முன்பெல்லாம் முழுவதையும் முந்தின நாள் மாலையே குடிப்பது வழக்கம். இப்போது பாதியை முந்தின நாள் மாலையும், மீதியைப் பரிசோதனை அன்றைக்கு விடியற்காலையும் குடிக்கச் சொல்கிறார்கள். இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து பித்தமும் கசடும் இறங்கி வலதுபக்கப் பெருங்குடலில் படிந்துகொண்டே இருக்கும் என்பதுதான் காரணம். அதைக் கழுவுவது அந்த இரண்டாவது பாதி. அதை விட்டால் மூடிப்போவது எந்த இடம்? தட்டையான பாலிப்புகள் ஒளிந்திருக்கும் அதே வலதுபக்கம்.

இரண்டாவது பாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் தொடங்கி, குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன் குடித்து முடிக்க வேண்டும். 9 மணி ஸ்லாட் என்றால் விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் தொடங்க வேண்டும். ஆறரை மணி லோக்கலில் ஏறினால் தாணேயைத் தாண்டுவதற்குள் வயிறு கலக்கும். இந்தப் பயத்தில்தான் பலர் யாரிடமும் சொல்லாமல் காலை மருந்தைக் குடிக்காமல் வந்துவிடுகிறார்கள். கேட்டால் “எல்லாம் குடிச்சாச்சு” என்பார்கள். டாக்டரும் உள்ளே பார்த்து “பிரிபரேஷன் சுமார்”, அதாவது குடல் சுத்தம் சுமார்தான், என்று எழுதிவிட்டு முடிந்தவரை பார்ப்பார்.

வழிகள் உண்டு. அப்பாயின்ட்மெண்ட் வாங்கும்போதே வெகுதூரத்திலிருந்து வருவதைச் சொல்லி, பன்னிரண்டு ஒரு மணி வாக்கில் ஸ்லாட் கேளுங்கள். ஒரு மணி என்றால் காலை ஏழுக்கு ஆரம்பித்து எட்டு எட்டரைக்குள் குடித்து முடித்து, வயிறு அடங்கிய பிறகு பத்தரைக்குக் கிளம்பலாம். இல்லையென்றால் முந்தின இரவு சயானிலோ மாட்டுங்காவிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். இதற்காக ஒரு ராத்திரி தங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தாராவியில் இருப்பவர்களின் சிரமம் வேறு. வீட்டில் கழிப்பறை கிடையாது, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். ராத்திரியில் பத்துத் தடவை போய்வர எந்தப் பெண்ணால் முடியும்? வயதானவர்கள் இருட்டில் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? இதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “கர் மே டாய்லெட் நஹீ ஹை” (வீட்டில் கழிப்பறை இல்லை) என்ற ஒரு வரி போதும். முந்தின நாளே வார்டில் சேர்த்து, அங்கேயே குடிக்க வைக்க முடியுமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் கழிப்பறை உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பவுடர் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சிரமம் தோன்றாமல் போகலாம். நாம்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை, கத்தரிக்காய், முழுப்பயறு, கேழ்வரகு எல்லாம் வேண்டாம். விதையும் நாரும் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கேமராவின் உறிஞ்சு குழாயை அடைக்கும். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர்சாதம் போதும். முந்தின நாள் தெளிவான திரவம் மட்டும் என்றால் இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத காபி, நன்றாக வடிகட்டிய தெளிவு ரசம் சரி. மோர் கூடாது. மும்பையில் இன்னொன்று, கோகம் சர்பத் குடிக்காதீர்கள். சிவப்பு நிறம் உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும்.

ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் முன்பு நிறுத்த வேண்டியிருக்கும். அது மலத்தைக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஆக்கிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் குடல் சுலபத்தில் சுத்தமாகாது. கூடுதல் மருந்து தேவைப்படலாம், இன்சுலின் அளவும் மாறும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் போகும்போது என்ன நிறத்தில் போகிறது என்று பாருங்கள். வெளிர்மஞ்சளாக, அடி தெரிகிற மாதிரி தெளிவாக இருந்தால் தயார். பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் போனவுடன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் உண்டா?

உண்டு, அதுவும் நிறைய. கேமராவை உள்ளே செலுத்தும்போது அவ்வளவாகப் பார்ப்பதில்லை, மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டு வரும்போதுதான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதற்குச் சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்த டாக்டர்கள் 28.3 சதவீதம் பேரிடம் பாலிப் போன்ற வளர்ச்சிகளைக் கண்டுபிடித்தார்கள். அதைவிட வேகமாக முடித்தவர்கள் கண்டுபிடித்தது 11.8 சதவீதம் பேரிடம். 2024-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சராசரி எட்டு நிமிடமாவது வேண்டும் என்கிறது.

இன்னொரு அளவுகோல் ஏடிஆர் எனப்படும் அடினோமா கண்டறிதல் விகிதம். ஒரு டாக்டர் பரிசோதிக்கும் நூறு பேரில் எத்தனை பேரிடம் அடினோமா கண்டுபிடிக்கிறார் என்பது. கலிபோர்னியாவில் பெரிய எண்ணிக்கையில் செய்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, இந்த விகிதம் ஒரு சதவீதம் கூடும்போதெல்லாம் பின்னால் புற்றுநோய் வெளிப்படும் ஆபத்து 3 சதவீதம் குறைகிறது. அமெரிக்காவின் இலக்கு எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது, நம்மிடம் பாலிப்பே குறைவு. ஆனாலும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று முடிக்கிறவரிடம் தவறுவது அதிகம் என்பது எங்கேயும் பொருந்தும்.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

கடைசி வரியில் ‘நார்மல்’ என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, சீக்கம் வரை போனார்களா. சீக்கம் என்பது பெருங்குடலின் தொடக்கமுனை, அப்பெண்டிக்ஸ் வாய் இருக்கும் இடம். அதன் போட்டோ ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது. நல்ல இடங்களில் பாஸ்டன் மதிப்பெண் போடுவார்கள். பெருங்குடலின் வலது, நடு, இடது என்ற மூன்று பகுதிக்கும் தலா 0 முதல் 3 வரை, மொத்தம் 9. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 இருக்க வேண்டும். மொத்தம் 7 வந்திருந்தாலும் வலதுபக்கத்துக்கு 1 என்றால் சரியாகப் பார்த்ததாகாது. சுத்தம் போதவில்லை என்றால் ஓர் ஆண்டுக்குள் திரும்பச் செய்வது முறை. மூன்றாவது, பாலிப் இருந்தால் எத்தனை, என்ன அளவு, முழுதாக எடுத்தார்களா, பயாப்ஸி (எடுத்த திசுவைச் சோதிப்பது) முடிவு என்ன.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு மாமியின் பழைய ரிப்போர்ட்டை அவர் மகன் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மாமிக்கு ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்து, வலதுபக்கக் கட்டி தெரிந்த பிறகு. இரண்டு வருடத்துக்கு முந்திய ரிப்போர்ட் அது. முடிவில் ‘நார்மல் ஸ்டடி’. அதற்கு மேலே, சின்ன எழுத்தில், கல்லீரல் பக்கத்து வளைவு வரைதான் கேமரா போனது, பிரிபரேஷன் சுமார் என்று எழுதியிருந்தது. அந்த வளைவுக்கு அப்பால் இருப்பதுதான் ஏறுகுடலும் சீக்கமும். யாரும் பார்க்காத இடத்துக்கு யாரோ நார்மல் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். திரும்ப வரச்சொல்லி வாயால் கூட யாரும் சொல்லவில்லை என்று மகன் சொன்னார். அந்தக் காகிதத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

கேமரா கடைசி வரை போகாமல் போவது சிலருக்கு நடக்கும், அது டாக்டரின் குற்றம் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஆனால் மீதிப் பகுதியைப் பார்க்க வேறு வழி செய்ய வேண்டும். இன்னொரு நாள் இன்னொருவர் முயலலாம், அல்லது பெருங்குடலை சிடி ஸ்கேனில் பார்க்கும் சிடி கொலனோகிராபி எடுக்கலாம். டாக்டரிடம் கேட்கத் தயக்கமா? “கேமரா ஆகிர் தக் கயா க்யா, டாக்டர் சாப்?” (கேமரா கடைசி வரை போனதா?) என்று பணிவாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பாலிப்பை எடுத்துவிட்டார்கள். இனிக் கவலை இல்லைதானே?

கவலை குறைகிறது, தீர்ந்துவிடவில்லை. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடுத்த இடத்தின் ஓரங்களைத் திரும்பப் பயாப்ஸி செய்து பார்த்தார்கள். சுமார் 10 சதவீதப் பாலிப்புகளில் மிச்சம் இருந்தது. செரேட்டட் வகையில் அது 31 சதவீதம். பெரிய பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்றால் மூன்று ஆண்டு. சின்னதாக ஒன்றிரண்டு அடினோமாதான் என்றால் ஏழு முதல் பத்து ஆண்டு கூட ஆகலாம். உங்கள் தேதி எது என்று மாதத்தோடும் வருடத்தோடும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நார்மல் என்று வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மறுபடி ரத்தம் போகிறது. பைல்ஸ்தான் என்று விட்டுவிடலாமா?

வேண்டாம். பைல்ஸ் இருக்கலாம், பெரும்பாலும் அதுவாகவும் இருக்கும். ஆனால் ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் செய்வது. தொந்தரவு வந்துவிட்டால் கணக்கு புதிது, பழைய ரிப்போர்ட் அதற்குப் பதில் சொல்லாது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்பழக்க மாற்றம், காரணமில்லாமல் எடை குறைவது, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை ஆகிய எதுவும் அப்படித்தான்.

ரத்தசோகையைக் குறிப்பாகச் சொல்கிறேன். வலதுபக்கக் கட்டியில் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். மூச்சு வாங்கும், ஸ்டேஷன் படி ஏறினால் நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால் மாத்திரை கொடுத்து நிறுத்தக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். “போன வருஷம்தானே கொலனோஸ்கோபி பண்ணினோம்” என்று நீங்களும் சொல்லாதீர்கள், டாக்டர் சொன்னால் பழைய ரிப்போர்ட்டை எடுத்துவைத்து, சீக்கம் வரை போயிருந்ததா என்று கேளுங்கள்.

எனக்கு 38 வயதுதான். இதெல்லாம் வயசானவங்க நோய் இல்லையா?

மேலை நாடுகளில் பெரும்பாலும் அப்படி. அங்கேயே இளைஞர்களிடம் கூடுவதைப் பார்த்து, 2021-இல் அமெரிக்கா ஸ்கிரீனிங் தொடங்கும் வயதை 50-லிருந்து 45-க்கு இறக்கியது. இந்தியாவில் குடல் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு. ஆனால் பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் மருத்துவமனை வெளியிட்ட ஒரு தொகுப்பில் நோயாளிகளின் சராசரி வயது 47-ஐ ஒட்டி இருந்தது. இந்திய அரசின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் ஸ்கிரீனிங் உண்டு, குடலுக்கு இல்லை. யாரும் அழைத்துப் பரிசோதிக்கப் போவதில்லை என்பதால், 38 வயதில் அறிகுறி இருந்தால் நீங்களே போக வேண்டும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது 60-க்கு முன் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முன்னால் வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும்.

ஏஐ எனும் செயற்கை நுண்ணறிவு பொருத்திய கேமரா இருந்தால் தவறாதா?

திரையில் சந்தேகமான இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும். பாலிப் கண்டுபிடிப்பது கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மடிப்புக்குப் பின்னால் இருப்பதையும் அழுக்குக்கு அடியில் இருப்பதையும் அது காட்டாது. கேமரா எதைப் பார்க்கிறதோ அதைத்தான் அதுவும் பார்க்கும்.

இவ்வளவு ஓட்டை இருந்தால் கொலனோஸ்கோபியே எதற்கு? மலப் பரிசோதனை போதாதா?

கொலனோஸ்கோபி பாலிப்பைப் பார்த்த கையோடு எடுத்தும் விடுகிறது, அதுதான் அதன் பலம். 1993-இல் வெளியான அமெரிக்கத் தேசியப் பாலிப் ஆய்வில், பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளில் வந்த குடல் புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்திருந்தது. மலத்தில் ரத்தத்தைத் தேடும் ஃபிட் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கு நல்ல முதல் படி. ரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோபிக்குத்தான் போக வேண்டும். அறிகுறி இருப்பவர் ஃபிட் நெகட்டிவ் என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தனியாக அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். மயக்க மருந்து கொடுத்த பிறகு, கண் விழித்துப் பேசுகிறவருக்கும் டாக்டர் சொன்னது நினைவில் தங்காது. “டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னாரு” என்றுதான் வீட்டுக்கு வந்து சொல்வார். ஹிந்தியோ மராத்தியோ தெரிந்த ஒருவர் கூடப் போய், பரிசோதனை முடிந்ததும் டாக்டர் பேசுவதை நேரில் கேட்டு அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பவுடர் குடிக்கும் நேரத்தையும் முந்தின நாளே தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பயாப்ஸி எடுத்திருந்தால் முடிவு எந்த நாள், எந்த கவுண்டரில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அதை வாங்கி டாக்டரிடம் காட்டும் பொறுப்பு வீட்டில் யாருக்கு என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.